பாகொ, பகோ: ஸ்பானிய வினைகளை அசை பிரித்து அழுத்தம் அறிதல்

மாலை நேரத்தில் என்னிடம் ஸ்பானிய மொழி படிக்க வருபவர்களில் ஒருவர், பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர். எல்லவுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழிகாட்டியாகத் தொழில் செய்கிறார். ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு தம்பதியை ஒன்பது வளைவுப் பாலத்துக்கு அழைத்துச் சென்று திரும்பிய ஒரு நாளில் மூவரும் கடையொன்றில் ரொட்டியும் தேநீரும் எடுத்திருக்கிறார்கள். கணவர் கல்லாவில் பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். அதைக் கவனிக்காத மனைவி பணப்பையைத் திறந்தபோது, ‘அவர் கொடுத்துவிட்டார்’ என்று சொல்ல நினைத்த நம் இளைஞர் ‘பாகொ’ என்று சொல்ல, அந்த அம்மையார் நெகிழ்ந்துபோய் அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார். வெளியே போய்க் கணவரிடம் இதைச் சொன்னதும், ஒரே கணக்குக்குக் கடைக்காரர் இரண்டு தடவை காசு வாங்கிவிட்டார் என்று எண்ணிய கணவர் கல்லாவுக்குத் திரும்பி வந்தார். யார் எதைக் கொடுத்தார் என்பது தெளிவாகக் கால் மணி நேரம் ஆயிற்று.

‘பாகொ’ என்றால் ‘நான் கொடுக்கிறேன்’ என்று பொருள். ‘அவர் கொடுத்தார்’ என்பது ‘பகோ’. இரண்டிலும் எழுத்துகள் ஒன்றே, அவை வரும் வரிசையும் ஒன்றே. அழுத்தம் முதல் அசையில் விழுகிறதா இரண்டாம் அசையில் விழுகிறதா என்பது மட்டுமே வேறுபாடு. தமிழில் ‘கொடுத்தேன்’ என்றாலே ‘நான்’ என்பது விளங்கிவிடுவதைப் போல, ஸ்பானிய மொழியிலும் வினையின் ஈறு இடத்தைக் காட்டிவிடுவதால் ‘நான்’, ‘அவர்’ ஆகிய சொற்களைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆகவே அழுத்தம் இடம் மாறினால் காலம், இடம் இரண்டும் ஒருசேர மாறிப்போகின்றன. பிழையைத் திருத்திக்கொள்ள வாக்கியத்தில் வேறு சொல்லும் இருப்பதில்லை.

மேலே நான் அந்த இரு சொற்களையும் தமிழில் எழுதிய முறையை வாசகர் கவனித்திருக்கக்கூடும். அழுத்தம் பெறும் உயிரை நெடிலாகவும், பெறாத உயிர்களையெல்லாம் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். இக்கட்டுரை முழுவதும் அப்படியே எழுதுவேன். ஸ்பானிய மொழியில் அ, எ, இ, ஒ, உ என ஐந்து உயிர்களே உண்டு. குறில் நெடில் வேறுபாடு அங்கே பொருளை மாற்றுவதில்லை. நமக்கோ அதுதான் உயிர்நாடி: ‘விடு’ வேறு, ‘வீடு’ வேறு, ‘படு’ வேறு, ‘பாடு’ வேறு. தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நம் செவி அதைத் தேடிப் பழகவில்லை, ஆனால் உயிரின் நீளத்தைக் கணப்பொழுதில் பிடித்துக்கொள்ளும். அவர்கள் அழுத்தத்தால் செய்வதை நாம் நீளத்தால் செய்கிறோம் என்று வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஸ்பானிய மொழியில் அழுத்தம் பெறும் உயிர் சற்று நீண்டும் சற்று ஓங்கியும் ஒலிப்பதால் இந்த உவமை வெறும் உவமையும் அல்ல. ஆயினும் நம் நெடிலின் முழு இரண்டு மாத்திரைக்கு அதை இழுத்துவிடக் கூடாது.

இந்த முறையை நான் புதிதாகக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல முடியாது. ஸ்பானிய மொழியின் உடன்பிறப்பான போர்த்துக்கேய மொழி நம் கரையில் இறங்கிய காலத்தில் நம் முன்னோரும் இதையே செய்திருக்கிறார்கள். போர்த்துக்கேயரின் ‘மெஸ’ முதல் அசையில் அழுத்தம் பெற்றது. நம்மிடம் அது ‘மேசை’ ஆயிற்று. ‘சபத்து’ என்பதில் அழுத்தம் நடு அசையில் இருந்தது. நாம் காலில் போடுவது ‘சப்பாத்து’. திறப்புக்கு அவர்கள் சொன்ன சொல் ‘சாவி’ ஆனதும், நீண்ட இருக்கைக்கு அவர்கள் சொன்ன சொல் ‘வாங்கு’ ஆனதும் இப்படியே. எல்லாச் சொற்களும் இவ்வாறு ஒழுங்காக வந்தன என்று சொல்வதற்கில்லை. ‘ஜன்னல்’, ‘கதிரை’ இரண்டும் இந்த வழியில் வரவில்லை. ஆனாலும் அழுத்தத்தை நெடிலாகக் கேட்பது தமிழ்ச் செவிக்குப் புதிய பழக்கம் அல்ல.

எழுத்துகளைப் பற்றி ஒரு குறிப்பை மட்டும் சொல்லிவிட்டு அசைக்குப் போகலாம். ‘பாகொ’ என்பதன் ககரத்தைப் ‘பகல்’ என்பதில் வரும் மென்மையான ககரமாகவும், ‘ப்வேதொ’ போன்ற சொற்களின் தகரத்தை ‘அது’ என்பதில் வரும் தகரமாகவும் வாசிக்க வேண்டும். இந்த மென்மை நம்மிடம் இயல்பாகவே இருப்பது நமக்குக் கிடைத்த சலுகை. நாவை உருட்டிச் சொல்லும் ரகரத்துக்கு றகரத்தைப் பயன்படுத்துகிறேன்.

அசை என்றவுடன் யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு நேரசையும் நிரையசையும் நினைவுக்கு வரும். அந்த அறிவு இங்கே ஓரளவு உதவும், ஓரளவு இடையூறும் செய்யும். யாப்பில் இரண்டு குறில்கள் இணைந்து ஒரு நிரையசை ஆகும். ‘படம்’ என்பது ஓரசை. ஸ்பானிய அசையோ ஒலியசை: ஓர் அசைக்கு ஓர் உயிர், அல்லது ஒன்றாக ஒட்டி ஒலிக்கும் உயிர்க் கூட்டம் ஒன்று. அந்தக் கணக்கில் ‘ப-டம்’ இரண்டு அசை. எனவே நிரையசையை மறந்துவிட்டு, உயிரை எண்ணுவதிலிருந்து தொடங்குவதே நல்லது.

உயிருக்கும் உயிருக்கும் நடுவே ஒரே மெய் இருந்தால் அது பின்னால் வரும் உயிரோடு சேரும். இதைத் தமிழருக்கு விளக்கவே தேவையில்லை, ஏனென்றால் நம் உயிர்மெய் எழுத்து அதை எழுத்திலேயே செய்து முடித்துவிட்டது. ‘நான் எடுக்கிறேன்’ என்னும் பொருளுடைய ‘தோமொ’வைத் தமிழில் எழுதிவிட்டு எழுத்துக்கு எழுத்து வெட்டினால் ‘தோ-மொ’ என அசை தானாக விழும். ‘ப-கா-மொஸ்’ (கொடுக்கிறோம்) என்பதிலும் அப்படியே. இறுதியில் வரும் புள்ளி எழுத்து முந்திய எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

சிக்கல் புள்ளி எழுத்து நடுவில் வரும்போதுதான். தமிழில் ஒற்று எப்போதும் தனக்கு முன் நிற்கும் எழுத்தையே சார்ந்திருக்கும். ‘பண்-டா-ர-வ-ளை’ என்றுதான் பிரிப்போம், ‘ப-ண்டா’ என்று யாரும் பிரிப்பதில்லை. ஸ்பானிய மொழியிலும் பெரும்பாலும் இதுவே வழக்கு: ‘கான்-தொ’ (பாடுகிறேன்), ‘ப-கான்-தொ’ (கொடுத்துக்கொண்டு). ஆனால் பகரம், ககரம், ஃபகரம் ஆகியவற்றுக்குப் பின் லகரமோ ரகரமோ, தகரத்துக்குப் பின் ரகரமோ வந்தால் அந்த இரண்டு மெய்களும் பிரியாமல் அடுத்த அசையின் தலையில் ஏறிக்கொள்கின்றன. ‘பேசுகிறேன்’ என்பது ‘ஆ-ப்லொ’. அதை ‘ஆப்-லொ’ என்று பிரிப்பது பிழை. ‘வாங்குகிறேன்’ என்பது ‘கோம்-ப்ரொ’, ‘நுழைகிறேன்’ என்பது ‘ஏன்-த்ரொ’. தமிழ்ச் சொல் எதுவும் மெய்யில் தொடங்காது என்று படித்து வளர்ந்த நமக்கு ‘ப்லொ’ என்று ஓர் அசை தொடங்குவது கண்ணுக்கு உறுத்தலாகவே இருக்கும். ‘ப்ளேன்’, ‘க்ளாஸ்’, ‘ட்ரெயின்’ என்று நாள் முழுவதும் பேசும் வாய்க்கு அது கடினம் அல்ல.

இதற்கு எதிர்த்திசையில் ஓர் ஒற்றுமை உண்டு. சகர ஒலியுடன் மற்றொரு மெய் சேர்ந்து சொல்லின் முதலில் வருவதை ஸ்பானிய மொழி பொறுப்பதில்லை. முன்னால் ஓர் எகரத்தை வைத்துக்கொள்ளும். ‘இருக்கிறேன்’ என்பது ‘எஸ்-தோய்’, ‘எழுதுகிறேன்’ என்பது ‘எஸ்-க்ரீ-பொ’. லயத்து வீட்டின் முன்திண்ணையை நாம் ‘இஸ்தோப்பு’ என்கிறோமே, அது ஒல்லாந்தரின் சொல். அவர்கள் வாயில் முன்னால் இகரம் இருந்ததில்லை, நாம் வைத்தோம். ‘இஸ்-தோப்-பு’ என்று பிரிக்கத் தெரிந்தவருக்கு ‘எஸ்-தோய்’ பிரிக்கத் தெரியும்.

உயிரோடு உயிர் நேராகச் சந்திக்கும் இடம் இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது. வகுப்பில் ஒரு முழு மாதத்தை நான் இதற்கே செலவிட்டிருக்கிறேன், அது வீண் என்று எண்ணியதில்லை. ஸ்பானிய இலக்கணகாரர் அ, எ, ஒ மூன்றையும் வல்லுயிர்கள் என்றும், இ, உ இரண்டையும் மெல்லுயிர்கள் என்றும் வகுப்பர். இரண்டு வல்லுயிர்கள் அருகருகே வந்தால் அவை இரண்டு அசைகள்: ‘வாசிக்கிறேன்’ என்பது ‘லே-ஒ’, ‘நம்புகிறேன்’ என்பது ‘க்ரே-ஒ’, ‘விழுகிறோம்’ என்பது ‘க-ஏ-மொஸ்’. ஒரு வல்லுயிரோடு அழுத்தம் இல்லாத மெல்லுயிர் ஒன்று சேர்ந்தால் இரண்டும் ஒட்டி ஓரசை ஆகும். நமக்கு இது ஐகாரத்தில் பழகிய செய்தி. அகரமும் இகரமும் சேர்ந்தால் ஐகாரம் என்றுதானே நம் பழைய இலக்கணகாரரும் சொன்னார்கள். ‘ஆடுகிறார்’ என்பது ஸ்பானிய மொழியில் ‘பை-ல’, இரண்டே அசை. கலியாண வீட்டிலும் சுற்றுலா பஸ்ஸிலும் நம்மவர் ஆடும் பைலாவின் பெயர் இதே வினைக்கு உறவான போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது.

மெல்லுயிர் முன்னால் வந்து வல்லுயிர் பின்னால் வரும்போது நம் எழுத்து நம்மை ஏமாற்றும். ‘வைத்திருக்கிறார்’ என்னும் பொருளுடைய சொல்லைத் தமிழ்ப் பத்திரிகை நடையில் எழுதினால் ‘தியேனே’ என்று மூன்று எழுத்து வரும். படிப்பவர் மூன்று அசையாக வாசிப்பார். உண்மையில் அது ‘த்யே-னெ’, இரண்டே அசை. ‘என்னால் முடியும்’ என்பது ‘புவேதொ’ அல்ல, ‘ப்வே-தொ’. இகரம் இருக்கும் இடத்தில் புள்ளி வைத்த மெய்யும் யகரமும், உகரம் இருக்கும் இடத்தில் புள்ளி வைத்த மெய்யும் வகரமும் எழுதிப் பழகினால் நாக்கு வழிக்கு வந்துவிடும்.

இப்போது அந்த மெல்லுயிரின் மீதே அழுத்தம் விழுந்தால் என்ன ஆகும்? ஒட்டியிருந்த இரண்டும் பிரிந்துவிடும். ‘புறப்பட்டார்’ என்பது ‘ஸ-ல்யோ’. ‘புறப்பட்டுக்கொண்டிருந்தார்’ என்பது ‘ஸ-லீ-அ’. முன்னதில் இகரம் தன் தனித்தன்மையை இழந்து யகரமாகி ஒகரத்துக்குத் தோள் கொடுக்கிறது. பின்னதில் அதுவே தலைவன், அகரம் தனியே பின்தொடர்கிறது. இங்கேதான் தமிழ் வாய் தவறும். உயிரும் உயிரும் நேராகச் சேர்வதை நம் மொழி விரும்பாது. இடையில் உடம்படுமெய்யாக யகரத்தையோ வகரத்தையோ நுழைத்தே தீரும். ‘ஸலீஅ’ என்று எழுதிக் கொடுத்தாலும் மாணவர் ‘ஸலீயா’ என்றுதான் வாசிப்பார், கூடவே கடைசி உயிரையும் நீட்டிவிடுவார். நீட்டிய உடனே அழுத்தம் தவறான இடத்துக்குப் போய்விடுகிறது. ‘கேட்டுக்கொண்டிருந்தோம்’ என்னும் ‘ஒ-ஈ-அ-மொஸ்’ இந்த வகையில் கடுமையான சோதனை, மூன்று உயிர்கள் வரிசையாக மூன்று அசைகள். நடுவே மெய் எதையும் விடாமல், குரலை அறுக்கவும் செய்யாமல், ஓர் உயிரிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல வேண்டும். உடம்படுமெய் ஸ்பானிய மொழிக்கு முற்றிலும் அந்நியம் என்றும் எண்ணிவிட வேண்டாம். ‘வாசித்தார்’ என்பது ‘லெ-யோ’, ‘விழுந்தார்’ என்பது ‘க-யோ’, ‘கேட்டார்’ என்பது ‘ஒ-யோ’. இரண்டு உயிர்களுக்கு நடுவே அகப்பட்ட இகரம் அங்கே எழுத்திலும் யகரமாகவே மாறிவிட்டது.

அசை பிரிந்த பிறகு அழுத்தத்தின் இடம் இரண்டே விதிகளில் அடங்கும். சொல் உயிரிலோ, னகர ஒலியிலோ, ஸகரத்திலோ முடிந்தால் கடைசிக்கு முந்திய அசையில் அழுத்தம். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில். இந்த விதிக்கு மாறாக அழுத்தம் விழும் சொல்லில் மட்டும் அந்த உயிரின் தலையில் ஒரு சாய்கோடு இடுவார்கள். அதனால்தான் ‘பாகொ’வுக்குக் கோடு இல்லை, ‘பகோ’வுக்கு உண்டு. மெல்லுயிர் வல்லுயிரைவிட்டுப் பிரியும் ‘ஸலீஅ’ போன்ற இடங்களில், முன்சொன்ன விதி எதுவானாலும் கோடு கட்டாயம்.

னகரத்துக்கும் ஸகரத்துக்கும் ஏன் இந்தத் தனிச் சலுகை என்று கேட்கும் மாணவரை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் விடை வினைச்சொல்லிலேயே இருக்கிறது. ‘பா-க’ என்றால் அவர் கொடுக்கிறார். ‘பா-கஸ்’ என்றால் நீ கொடுக்கிறாய். ‘பா-கன்’ என்றால் அவர்கள் கொடுக்கிறார்கள். முன்னிலைக்கு ஸகரமும் படர்க்கைப் பன்மைக்கு னகரமும் ஒட்டுகளாக வருகின்றன. ஒட்டு வந்ததற்காக அழுத்தம் நகர்வதில்லை. அந்த இரண்டு மெய்களையும் உயிரோடு சேர்த்து ஒரே விதிக்குள் வைத்திருக்காவிட்டால் அன்றாட வினைவடிவங்களில் பெரும்பகுதிக்குக் கோடு போட்டே கை ஓய்ந்திருக்கும். ‘ப-கார்’ (கொடுக்க) போன்ற வினைப்பெயர்களோ ரகரத்தில் முடிந்து கடைசி அசையில் அழுத்தம் பெறுவதால் இரண்டாம் விதி அவற்றைக் கோடில்லாமல் காப்பாற்றுகிறது.

ஒரே வினையை எடுத்து அதன் வடிவங்கள் நெடுக அழுத்தம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பது பட்டியலை மனனம் செய்வதைவிட எவ்வளவோ மேல். நம் இளைஞரைச் சங்கடத்தில் மாட்டிய வினையையே எடுத்துக்கொள்வோம். நிகழ்காலத்தில் ‘பா-கொ, பா-கஸ், பா-க, பா-கன்’ என அழுத்தம் வேரில் விழுகிறது. ‘நாம்’ என்னும் வடிவத்திலோ ஈறு ஓர் அசை கூடிவிடுவதால் ‘ப-கா-மொஸ்’ என்று வேரைவிட்டு வெளியே வந்துவிடுகிறது. இறந்தகாலத்தில் ‘ப-கே’ (கொடுத்தேன்), ‘ப-கோ’ (கொடுத்தார்), ‘ப-கா-ரொன்’ (கொடுத்தார்கள்) என்று எங்குமே வேரில் விழுவதில்லை. வழக்கமாகக் கொடுத்துவந்ததைச் சொல்லும் வடிவம் ‘ப-கா-ப’. அதன் தன்மைப் பன்மை ‘ப-கா-ப-மொஸ்’, அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் நிற்பதால் கோடு பெறுகிறது. எதிர்காலம் ‘ப-க-ரே, ப-க-ராஸ், ப-க-ரா, ப-க-ரே-மொஸ், ப-க-ரான்’. இவற்றில் தன்மைப் பன்மைக்கு மட்டும் கோடு இல்லாதது மாணவர்களைக் குழப்பும். அழுத்தம் கடைசிக்கு முந்திய அசையில் இயல்பாகவே விழுவதால் அங்கே கோட்டுக்கு வேலை இல்லை, அவ்வளவே.

எதிர்காலத்தில் அழுத்தம் எப்போதும் ஈற்றில் விழுவதற்கு வரலாறு காரணம். ‘கொடுக்க’ என்னும் வினைப்பெயரும் ‘உடையேன்’ என்னும் துணைவினையும் இரண்டு சொற்களாக இருந்து, காலப்போக்கில் ஒன்றாக ஒட்டியதுதான் ‘பகரே’. ஒட்டிய பின்னும் துணைவினை தன் அழுத்தத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ‘பகோ’வின் கதையும் இதைப் போன்றதே. லத்தீனில் ‘அமைதிப்படுத்து’ என்னும் பொருளுடைய வினை, கடன்காரரைத் திருப்திப்படுத்துதல் என்ற வழியாகக் ‘கொடு’ என்னும் பொருளுக்கு வந்தது; அதன் இறந்தகாலப் படர்க்கை வடிவம் மூன்று அசை நீளமானது, அழுத்தம் நடு அசையில். நாளடைவில் வால் தேய்ந்து போயிற்று, அழுத்தம் தான் நின்ற இடத்திலேயே நின்றது, அதனால் அதுவே கடைசி அசை ஆகிவிட்டது.

இறந்தகாலத்தில் ஒரு சிறு கூட்டம் இந்த ஒழுங்குக்கு அடங்காது. ‘வைத்திருந்தார்’ என்பது ‘தூ-பொ’, ‘சொன்னேன்’ என்பது ‘தீ-ஹெ’. இவற்றில் அழுத்தம் வேரிலேயே நிற்கிறது. ‘பகோ’வைப் படித்துவிட்டு வரும் மாணவர் ‘துபோ’ என்றுதான் சொல்வார், எழுதும்போது இல்லாத கோட்டையும் போடுவார். இத்தகைய வினைகள் அன்றாடம் பயன்படுபவை; எண்ணிக்கையில் அதிகம் இல்லை என்பதால் ஒவ்வொன்றாகவே பழகிக்கொள்ள வேண்டும்.

வினைகளின் ‘ஒழுங்கின்மை’ என்று பாடநூல்கள் அச்சுறுத்தும் ஒரு பகுதி, அழுத்தத்தைப் புரிந்துகொண்டவருக்கு ஒழுங்காகவே தெரியும். ‘இயலுதல்’ என்னும் பொருளுடைய ‘பொ-தேர்’ நிகழ்காலத்தில் ‘ப்வே-தொ, ப்வே-தெஸ், ப்வே-தெ, ப்வே-தென்’ என்று வேர் உடைந்து வரும். ‘நாம்’ என்னும் வடிவத்திலோ ‘பொ-தே-மொஸ்’ என்று பழைய ஒகரத்தோடு வரும். உறங்குதலுக்கு ‘த்வேர்-மொ’, ஆனால் ‘தொர்-மீ-மொஸ்’. எண்ணுதலுக்கு ‘க்வேன்-தொ’, ஆனால் ‘கொன்-தா-மொஸ்’. சிந்தித்தலுக்கு ‘ப்யேன்-ஸொ’, ஆனால் ‘பென்-ஸா-மொஸ்’. லத்தீனில் குறுகி ஒலித்த ஒகரமும் எகரமும் அழுத்தம் விழுந்த இடத்தில் பாரம் தாங்காமல் இரண்டாக உடைந்து ‘வே’, ‘யே’ ஆயின. அழுத்தம் விழாத இடத்தில் உடையாமல் தப்பின. இவ்வகை வினைகளில் வேரில் அழுத்தம் உண்டா, உடைவு உண்டு. அழுத்தம் ஈற்றுக்குப் போய்விட்டதா, வேர் முழுமையாக இருக்கும். ஆர்ஜென்டினாவில் ‘நீ’ என்பதற்கு வழங்கும் ‘போஸ்’ என்னும் சொல்லோடு வரும் வினைவடிவம் இதற்கு நல்ல சான்று: அங்கே ‘ப்வேதெஸ்’ என்று சொல்லாமல் ‘பொ-தேஸ்’ என்பர், அழுத்தம் கடைசி அசையில் இருப்பதால் ஒகரம் உடையவில்லை.

எழுத்து ஒன்றாக இருக்க அழுத்தம் மட்டும் மாறும் சொற்களில் எனக்குப் பிடித்த மூன்றைச் சொல்கிறேன். ‘தேர்-மி-னொ’ என்றால் முடிவு அல்லது எல்லை, பெயர்ச்சொல். ‘தெர்-மீ-னொ’ என்றால் முடிக்கிறேன். ‘தெர்-மி-னோ’ என்றால் முடித்தார். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் கோடு உண்டு, நடுவில் உள்ளதற்கு இல்லை. தப்படித்துப் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை வேலைக்கு ஆள் கூடுமிடத்துக்கு) ஆள் கூப்பிட்ட காலத்தைப் பாட்டனார் வாயிலாகக் கேட்டு வளர்ந்த மாணவர் ஒருவர் வகுப்பில் இருக்கிறார். அவர் இந்த மூன்றையும் மேசைமேல் விரல்களால் தட்டிக் காட்டினார். முதல் சொல்லுக்கு முதல் தட்டைப் பலமாகவும் மற்ற இரண்டையும் மெல்லவும், அடுத்ததற்கு நடுத்தட்டை, கடைசிக்கு இறுதித்தட்டை. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சொல் என்று கண்டுபிடித்தார்கள். அதைவிடச் சிறந்த பயிற்சி எனக்கு இன்னும் அகப்படவில்லை. தமிழர் எந்தச் சொல்லையும் முதல் அசையைச் சற்று ஓங்கித் தொடங்கும் பழக்கம் உடையவர்கள் என்பதால், இரண்டாம் மூன்றாம் தட்டுகளுக்கு வலுக் கொடுப்பதற்குக் கைக்குத்தான் முதலில் பயிற்சி வேண்டும்.

கோட்டைப் பற்றிய விதிகள் கல்லில் வெட்டியவை அல்ல. மத்ரித் நகரில் 1713இல் தொடங்கப்பட்ட ஸ்பானிய அரச மொழிக்கழகம் அவ்வப்போது அவற்றைத் திருத்திவந்திருக்கிறது. ‘போனார்’ என்னும் ‘ஃப்வே’, ‘கொடுத்தார்’ என்னும் ‘த்யோ’, ‘பார்த்தார்’ என்னும் ‘ப்யோ’ ஆகிய ஓரசைச் சொற்களுக்கு முன்பு கோடு இட்டார்கள். 1950களில் வந்த புதிய விதிகளால் அது நின்றது. ஓரசைச் சொல்லில் அழுத்தம் விழ வேறு இடமே இல்லாதபோது கோடு எதற்கு என்பதே காரணம். பழைய நூல்களை வாசிப்பவர் கோட்டைக் கண்டு அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். ‘சிரித்தார்’ என்னும் சொல்லைச் சிலர் ‘ற்யோ’ என ஓரசையாகவும் சிலர் ‘றி-ஓ’ என ஈரசையாகவும் ஒலிக்கிறார்கள். யார் எப்படி ஒலித்தாலும் எழுத்தில் அது ஓரசையாகவே கொள்ளப்படும், கோடு கிடையாது என்று 2010இல் கழகம் முடிவு செய்தது. எல்லாருக்கும் இந்த முடிவு பிடிக்கவில்லை. ஒலியைப் பின்பற்றும் எழுத்து என்று பெருமை பேசும் மொழிக்கு அது சிறு தலைவலிதான்.

இறுதியாக, வினையின் வாலில் ஒட்டும் சிறு சொற்கள். ஏவலிலும் வினைப்பெயரிலும் ‘எனக்கு’, ‘அதை’ போன்ற பொருளுடைய ஓரசைச் சொற்கள் பின்னால் வந்து ஒரே சொல்லாக எழுதப்படும். அவற்றுக்குச் சொந்தமாக அழுத்தம் இல்லை. வினையின் அழுத்தமும் அவற்றுக்காக நகர்வதில்லை. ‘சொல்லுங்கள்’ என்பது ‘தீ-க’; ‘எனக்குச் சொல்லுங்கள்’ என்பது ‘தீ-க-மெ’; ‘அதை எனக்குச் சொல்லுங்கள்’ என்பது ‘தீ-க-மெ-லொ’. அழுத்தம் முதல் அசையில் அசையாமல் நிற்கிறது. பின்னால் அசைகள் சேரச் சேர அது கடைசியிலிருந்து மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் தள்ளப்படுவதால் கோடு முளைக்கிறது. தோட்டத்து லயத்தில் ஒரு முனையில் இருக்கும் வீடு, மறுமுனையில் புதிதாக இரண்டு காம்பரா கட்டியதால் இடம் பெயர்ந்துவிடாது அல்லவா, அதைப் போல. ‘எனக்குக் கொடுங்கள்’ என்னும் ‘தே-மெ’வுக்குக் கோடு இடும் பழைய வழக்கம் 1999இல் கைவிடப்பட்டது, சொல் முழுவதையும் ஒன்றாகப் பார்த்துப் பொது விதியையே பின்பற்ற வேண்டும் என்பது அன்றிலிருந்து விதி.

இந்தப் பகுதியை நடத்திய மாலையில் நம் வழிகாட்டி இளைஞர் கையை உயர்த்தி, “சேர், பாகொவுக்கும் இப்பிடி வால் ஒட்டலாமா?” என்று கேட்டார். ஒட்டலாம் என்றேன். மரியாதை ஏவலில் அது ‘பா-கெ’; ‘எனக்குக் கொடுங்கள்’ என்றால் ‘பா-கெ-மெ’; ‘அதற்குரிய காசை எனக்குக் கொடுங்கள்’ என்றால் ‘பா-கெ-மெ-லொ’. நான்கு அசை, முதல் அசையில் அழுத்தம், எழுத்தில் கோடு உண்டு. அவர் அதை இரண்டு தடவை சரியாகத் தட்டிக் காட்டிவிட்டுக் கொப்பியில் பெரிதாக எழுதிக்கொண்டார். பயணிகளிடம் அதைச் சொல்ல வேண்டாம், கறாராகக் கேட்கும், அசை பிரித்துப் பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.